கொம்பன் சுறாவுக்கு இரண்டு சட்டம் சரிப்படுமா?

தலையின் முன்விளிம்பில் நட்டநடுவே ஒரு பள்ளம். அது இருந்தால் ஸ்பைர்னா லெவினி. இல்லாவிட்டால் ஸ்பைர்னா சைகீனா. முதலாவது வெப்பக் கடல்களுக்கு உரிய கொம்பன் சுறா. இரண்டாவது குளிர்ந்த நீரையும் தாங்கும். ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் லெவினி 'மிக அருகிய இனம்'. சைகீனாவோ அதற்கு இரண்டு படி கீழே, 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் லெவினியின் வாழ்க்கைமுறை. வளர்ந்தவை காலபகோஸ், கோகோஸ், மல்பெலோ தீவுகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் திரள்கின்றன. குட்டிகளோ ஹவாயின் கனியோஹே போன்ற ஆழமற்ற விரிகுடாக்களில் வளர்கின்றன. வாழ்வின் இரு முனையிலும் வலைக்கு எளிதில் அகப்படும் இனம் அது. அமெரிக்கா 2014-ல் லெவினியின் சில கூட்டங்களைத் தன் அழிநிலை உயிரினச் சட்டத்தில் சேர்த்தது. சைகீனாவைச் சேர்க்க 2016-ல் மறுத்தது. உயிரியல் கணக்குப்படி அது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் சந்தைக்கு வருவது தலையல்ல, துடுப்பு. அறுத்து உலர்த்திய துடுப்பில் அந்தப் பள்ளம் ஏது? பாங்காக்கில் 2013-ல் கூடிய, அழிநிலை உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, லெவினியை அதன் வீழ்ச்சிக்காகவும், சைகீனாவையும் பெருங்கொம்பன் என்னும் இன்னொரு இனத்தையும் தோற்ற ஒற்றுமைக்காகவும் இரண்டாம் இணைப்பில் ஒன்றாகச் சேர்த்தது. என் கணிப்பில் அதுவே சரியான முடிவு. ஓரளவு மிஞ்சியிருக்கும் இனத்துக்காக மீனவர் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் இணைப்பு தடையல்ல. ஏற்றுமதியால் இனத்துக்குக் கேடில்லை என்று அரசு உறுதி செய்தால் வணிகம் நடக்கலாம். சிக்கல் அங்கேதான். இனவாரியாகப் பிடிப்பைக் குறித்து வைக்காத நாடு எதைக் கொண்டு உறுதி கூறும்? இந்தியா 2015-ல் எல்லாச் சுறாத் துடுப்புகளின் ஏற்றுமதியையும் ஒரேயடியாக நிறுத்தியது. இறைச்சிக்கு உள்நாட்டில் விலை இருக்கிறது. ஆகவே சுறா பிடிப்பதும் நிற்கவில்லை, குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவருக்குத் துடுப்பு வருமானமும் போயிற்று. மீனவர் தரப்பின் இந்த மனக்குறையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது ஏற்றுமதித் தடையின் மேல் வரவேண்டிய குறை. இரு இனங்களைச் சேர்த்துப் பட்டியலிட்டதன் மேல் அல்ல.

மரபணுச் சோதனை இருக்கும்போது தோற்றத்தை ஏன் பார்க்கவேண்டும் என்பது இன்னொரு வாதம். சோதனை துறைமுகத்தில் நடக்கிறது; கொம்பன் சுறாவோ தூண்டிலில் மாட்டினால் படகுக்கு இழுக்கும் முன்பே பெரும்பாலும் செத்துவிடும். தவிர, அந்த மரபணுவே வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. தென் கரோலினாக் கரையில் லெவினி என்று கருதப்பட்டவற்றில் சில ஸ்பைர்னா கில்பர்ட்டி என்னும் தனி இனம். வெளித்தோற்றத்தில் வேறுபாடே இல்லை, முள்ளெலும்புகள்தாம் பத்தளவில் குறைவு. அப்படியானால் அந்தக் கரையில் லெவினி என்று எண்ணப்பட்ட தொகை, உண்மையான லெவினியைவிட அதிகம்.