ஆண்டிப்பட்டி: முதல்வர்கள் தேடி வந்த தொகுதி

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா ஆகிய இருவருமே நின்று வென்ற தொகுதி ஒன்றே ஒன்றுதான். அது தேனி மாவட்டத்திலுள்ள ஆண்டிப்பட்டி. எம்.ஜி.ஆரின் துணைவியார் ஜானகி அம்மையார் தேர்தலில் நின்று தோற்றதும் இதே ஆண்டிப்பட்டியில்தான்.

தமிழக அரசியலைத் தொலைவில் இருந்தபடி கவனித்து வரும் தமிழர்களுக்கும் இந்தப் பெயர் பழக்கமானதே. ஆனால் அந்த ஊர் எப்படிப்பட்டது, இத்தனை பெரிய தலைவர்கள் ஏன் அங்கே போனார்கள், அவர்கள் போனதால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பலரும் சற்று யோசிக்கவே செய்வார்கள்.

மதுரையிலிருந்து மேற்கே தேனிக்குச் செல்லும் சாலையில் ஒரு கணவாயைக் கடந்தால் வருவது ஆண்டிப்பட்டி. முன்பு இது மதுரை மாவட்டத்தில் இருந்தது. மழையை நம்பிய விவசாயம், ஆடு மாடு வளர்ப்பு, கைத்தறி நெசவு ஆகியவையே இங்கு வாழ்வாதாரம். சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர் பெற்றவை. தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என மலையடிவார ஊர்கள் நீள்கின்றன. வைகை ஆறு பிறப்பது அந்த மலைகளில்தான்.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் ஆண்டிப்பட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. அணையால் நிலமும் வீடும் இழந்த கிராமத்து மக்களின் கதையைத்தான் கவிஞர் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலாக எழுதினார். ஆனால் அணையில் தேங்கும் நீரின் பெரும்பகுதி கிழக்கே மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போகிறது. அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் ஊர் என்றால் அது மிகையாகாது. இந்தத் தொகுதியின் தேர்தல் கதையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து ஒரு வேட்புமனு

1980 தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்றவர் 'இலட்சிய நடிகர்' எஸ்.எஸ்.ராஜேந்திரன். 1962-இல் தி.மு.க. சார்பில் தேனியில் வென்று, நடிகர்களும் சட்டமன்றம் போகலாம் என்று காட்டியவர் அவர். இம்முறை அவர் அ.தி.மு.க. வேட்பாளர். அதற்கு அடுத்த தேர்தலில் எம்.ஜி.ஆரே வந்தார். வந்தார் என்று சொல்வதும் பொருத்தமில்லை. தேர்தல் நடந்தபோது அவர் இந்தியாவிலேயே இல்லை.

1984 அக்டோபர் 5-ஆம் நாள் முதல்வர் எம்.ஜி.ஆர். உடல்நலம் குன்றி, சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மாதம் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரின் புருக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாடாளுமன்றத் தேர்தலோடு தமிழகச் சட்டமன்றத் தேர்தலும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. வேட்புமனு நியூயார்க்கிலிருந்தே கையெழுத்தாகி வந்தது.

ஆண்டிப்பட்டியைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய பின் முதல் வெற்றியைத் தந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல். அன்றைய மதுரை மாவட்டம் முழுவதும் அவருக்குக் கோட்டை போல இருந்தது. கட்சி தொடங்கிய பின் அவர் ஒரே தொகுதியில் தொடர்ந்து நிற்கவும் இல்லை. 1977-இல் அருப்புக்கோட்டை, 1980-இல் மதுரை மேற்கு, பிறகு ஆண்டிப்பட்டி. பிரசாரத்துக்கு வர இயலாத வேட்பாளருக்கு, யாரும் வராமலே வெற்றி தரக்கூடிய தொகுதி வேண்டும். இது அத்தகைய தொகுதி.

தலைவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்ற ஐயம் அன்று மக்களிடையே பரவியிருந்தது. அதைப் போக்க, மருத்துவமனையில் அவர் அமர்ந்திருப்பதையும் உணவு உண்பதையும் படமெடுத்து ஊர் ஊராகத் திரையிட்டது அ.தி.மு.க. அன்றைய நாளில் கிராமங்களுக்கு வீடியோவே புதுமை. அதில் எம்.ஜி.ஆரைப் பார்த்த பெண்கள் கண்ணீர் விட்டார்கள். தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, டிசம்பர் 19 அன்று, அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. டிசம்பர் 24 வாக்களிப்பு. ஆண்டிப்பட்டியில் 32,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். தமிழகம் எங்கும் அ.தி.மு.க. 132 இடங்களைப் பிடித்தது. 1985 பிப்ரவரியில் சென்னை திரும்பி மூன்றாம் முறையாக முதல்வரானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1987-இல், அதே டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார்.

மறைவுக்குப் பின் கட்சி இரண்டாயிற்று. ஜானகி அம்மையார் 24 நாள் முதல்வராக இருந்தார், ஆட்சி கலைக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலைச் சின்னம் யாருக்கும் இல்லை. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். கணவர் வென்ற ஆண்டிப்பட்டியில் ஜானகி நின்றார். பக்கத்துத் தொகுதியான போடிநாயக்கனூரில் ஜெயலலிதா நின்றார். போடியில் சேவல் வென்றது. ஆண்டிப்பட்டியில் எம்.ஜி.ஆர். வாக்குகள் இரண்டாகப் பிரிய, தி.மு.க.வின் ஆசையன் வெற்றி பெற்றார். யார் உண்மையான வாரிசு என்ற கேள்விக்கு இந்த அடுத்தடுத்த இரு தொகுதிகளும் ஒரே நாளில் சொன்ன பதில், கட்சியின் அடுத்த கால் நூற்றாண்டையே முடிவு செய்தது. ஜானகி அரசியலிலிருந்து விலகினார். கட்சி ஒன்றாகி இரட்டை இலை மீண்டது.

1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வீசிய அலையில் ஆண்டிப்பட்டி அ.தி.மு.க.வுக்குத் திரும்பியது. 1996-இல் எதிர் அலை. ஆசையன் மீண்டும் வந்தார்.

நான்கு மனு, நான்கும் தள்ளுபடி

2001 தேர்தல்தான் இந்தத் தொகுதியை இந்திய அரசியல் சட்ட வரலாற்றில் சேர்த்தது. டான்சி நில வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2000 அக்டோபரில் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது என்பது இந்தியச் சட்டம். இருந்தும் அவர் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடங்களில் மனுத் தாக்கல் செய்தார். ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் உண்டு. நான்கு மனுக்களும் தள்ளுபடியாயின.

இப்படி நேர்ந்தால் போட்டியிலிருந்தே கட்சி விலகிப் போகாமல் இருக்க, மாற்று வேட்பாளர் என்று ஒருவரை மனுத் தாக்கல் செய்ய வைப்பது அங்கே வழக்கம். முதன்மை வேட்பாளர் மனு ஏற்கப்பட்டால் மாற்று வேட்பாளர் பெயர் எவர் நினைவிலும் இருக்காது. ஆண்டிப்பட்டியில் அந்த மாற்று வேட்பாளர், உள்ளூர்க் கட்சிக்காரரான தங்க தமிழ்ச்செல்வன். மனு தள்ளுபடியானதால் அவரே வேட்பாளரானார், வெற்றியும் பெற்றார்.

கட்சி ஆட்சியைப் பிடித்தது. சட்டமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று இந்திய அரசமைப்பில் இடமுண்டு. அதன்படி 2001 மே 14 அன்று ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்றார். உறுப்பினராகவே தகுதியில்லாதவர் அந்த ஆறு மாதச் சலுகையைப் பயன்படுத்தலாமா? கூடாது என்று செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அன்றே பதவி போயிற்று. அண்டைத் தொகுதியான பெரியகுளத்தின் உறுப்பினர் ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். 1989-இல் போடியில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவுக்குத் தேர்தல் வேலை பார்த்தவர் அவர் என்பது ஒரு சுவையான செய்தி.

டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்தது. அதன் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகினார். 2002 பிப்ரவரி 21 இடைத்தேர்தல். ஜெயலலிதா 41,201 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மார்ச் 2 அன்று மீண்டும் முதல்வரானார். இடம் விட்டுக் கொடுத்தவருக்கு மாநிலங்களவை உறுப்பினர் பதவி கிடைத்தது.

ஒன்பது மாதத்தில் ஒரே தொகுதி மக்கள் இரண்டு முறை வாக்களித்தார்கள். முதல் முறை, நிற்க முடியாத தலைவருக்குப் பதிலாக நின்றவருக்கு. இரண்டாம் முறை, நிற்க முடிந்த தலைவருக்கே. இரண்டிலும் அவர்கள் மனத்தில் இருந்த பெயர் ஒன்றுதான்.

முதல்வரின் தொகுதி என்பதால் நன்மை உண்டா? உண்டு. 2004-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அது மாவட்டத் தலைநகரில் அமையவில்லை. ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் க.விலக்கு என்னுமிடத்தில் அமைந்தது. மலைக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் மதுரை வரை ஓட வேண்டியிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சட்டமன்றத்தில் எழுந்து அமைச்சரைக் கேள்வி கேட்பது உறுப்பினரின் வேலை. முதல்வரே உறுப்பினர் என்றால் அந்தக் கேள்வியை யார், யாரிடம் கேட்பது? குடிநீருக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்க நினைக்கும் வருசநாட்டு விவசாயிக்குத் தன் சட்டமன்ற உறுப்பினர் இருக்குமிடம் சென்னை.

2006-இலும் அவரே ஆண்டிப்பட்டியில் 25,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். ஆனால் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. 2011-இல் அவர் ஸ்ரீரங்கத்துக்கு மாறினார். ஆண்டிப்பட்டி மறுபடியும் தங்க தமிழ்ச்செல்வனிடம் வந்தது. 2016-இலும் அவரே. இம்முறை யாருக்காகவும் இடம் பிடித்து வைத்திருக்கவில்லை, தமக்காகவே உட்கார்ந்திருந்தார்.

உறுப்பினர் இல்லாத இருபது மாதம்

அதுவும் நிலைக்கவில்லை. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். கட்சி மீண்டும் பிளந்தது. தங்க தமிழ்ச்செல்வன் டி.டி.வி.தினகரன் பக்கம் நின்றார். 2017 ஆகஸ்டில், முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அந்த அணியின் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தனர். செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். அந்தப் பட்டியலில் ஆண்டிப்பட்டியும் அடங்கியது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தனர். மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்று அக்டோபர் 25 அன்று முடித்து வைத்தார். தீர்ப்பு மாறுபட்டபோதே தங்க தமிழ்ச்செல்வன், தொகுதி மக்கள் உறுப்பினர் இல்லாமல் இருக்கிறார்கள், இடைத்தேர்தலாவது வரட்டும் என்று சொல்லி வழக்கிலிருந்து விலகிக்கொள்ள முன்வந்தார். சென்னையில் நடந்த பதவிச் சண்டையில் இப்படிப் பேசியவர்கள் மிகக் குறைவு. 2019 மே மாதம் வரை ஏறக்குறைய இருபது மாதங்கள், இரண்டு முதல்வர்களை அனுப்பிய தொகுதிக்குச் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி கூட இல்லை.

2019 ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆண்டிப்பட்டியில் அ.ம.மு.க. அலுவலகக் கட்டடத்தில் வருமான வரித் துறையினர் சோதனை நடத்தியபோது கூட்டம் திரண்டது. போலீசார் வானத்தை நோக்கிச் சுட நேர்ந்தது. 1 கோடியே 48 லட்சம் ரூபாய் பிடிபட்டதாக அறிவிக்கப்பட்டது. வார்டு வாரியாகப் பொட்டலம் கட்டியிருந்தார்களாம். ஒரு வாக்காளருக்கு 300 ரூபாய் என்று கணக்கும் எழுதியிருந்தார்களாம்.

இந்த இடைத்தேர்தலில் மற்றொரு விந்தை. தி.மு.க. வேட்பாளர் மகாராஜனும் அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜனும் உடன்பிறந்த சகோதரர்கள். மகாராஜன் 12,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அ.ம.மு.க. பிரித்த வாக்குகள் அந்த வித்தியாசத்தைவிட அதிகம். 1989-இல் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. இலை இரண்டாகக் கிழியும்போது ஆண்டிப்பட்டியில் சூரியன் உதிக்கும். 2021 பொதுத்தேர்தலிலும் அதே சகோதரர்கள் மோத, மகாராஜனே வென்றார். வித்தியாசம் மட்டும் சுமார் 8,500 ஆகக் குறைந்தது.

தங்க தமிழ்ச்செல்வன் என்ன ஆனார்? 2019-இல் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் அ.ம.மு.க.வுக்காகப் பரிசுப் பெட்டிச் சின்னத்தில் நின்று தோற்றார். அடுத்த சில வாரங்களில் தி.மு.க.வில் சேர்ந்தார். 2021-இல் போடியில் ஓ.பன்னீர்செல்வத்தை எதிர்த்து நின்று தோற்றார். 2024-இல் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். எதிரே நின்றவர்களில் ஒருவர், எவருக்காகத் தம் சட்டமன்றப் பதவியை இழந்தாரோ அந்த தினகரன். 2 லட்சத்து 78 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தங்க தமிழ்ச்செல்வன் வென்றார். தேனி நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஆண்டிப்பட்டியும் ஒன்று. 2001-இல் இரட்டை இலைக்கு வாக்குக் கேட்டுப் போன அதே தெருக்களில் அவர் மூன்றாவது சின்னத்தோடு நடந்திருந்தார்.