"நம்மாலும் முடியும்" என்ற எண்ணம் பிறப்பது எப்படி?

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் இரு மாணவர்களை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே வகுப்பு. மதிப்பெண்களும் ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். மற்றவரோ சொந்தமாகத் தொழில் தொடங்கத் திட்டமிடுகிறார். இந்த வேறுபாடு எதனால்? பணம், குடும்பச் சூழல், துணிவு எனப் பல காரணங்களைச் சொல்லலாம். இவற்றுடன் இன்னொன்றும் உண்டு. அவர் யாரைப் பார்த்தார், யார் அவருக்கு வழி காட்டினார் என்பதே அது.

முன்மாதிரியும் வழிகாட்டியும் ஒன்றல்ல. முன்மாதிரி என்பவர், நாம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மனிதர். அவருக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழிகாட்டியோ நம்மை அறிந்தவர். நம் வேலையைப் பார்த்துக் குறை கூறித் திருத்துபவர். இருவரும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஒரு பேராசிரியரும் இரு மாணவர்களும்

1930-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் டெர்மன் என்பவர் வானொலிப் பொறியியல் கற்பித்து வந்தார். அவர் பாடத்தோடு நிறுத்தவில்லை. அப்பகுதியிலிருந்த சிறு வானொலித் தொழிற்கூடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று காட்டினார். அவற்றை நடத்தியவர்களில் பலர் முறையாகப் பொறியியல் பயிலாதவர்கள். அவர்களாலேயே இது முடிகிறதென்றால், பயின்றவர்களால் இன்னும் எவ்வளவு முடியும் என்பதை மாணவர்கள் நேரில் உணர்ந்தார்கள்.

அவர்களுள் டேவிட் பக்கார்டு, வில்லியம் ஹியூலெட் ஆகிய இருவரும் 1934-இல் பட்டம் பெற்றனர். பக்கார்டு நாட்டின் மறுகோடியில் ஒரு பெரிய மின்நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1938-இல் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து அவரைத் திரும்ப வரவழைத்தவர் டெர்மனே. ஹியூலெட், டெர்மனிடம் ஆய்வு செய்து, ஒலி அலையியற்றி ஒன்றை உருவாக்கினார். ஒரு சிறிய மின்விளக்கின் இழை சூடேறும்போது அதன் மின்தடை கூடும். இப்பண்பைக் கொண்டு அலையின் வீச்சை நிலைப்படுத்தியதே அதன் புதுமை.

1939-இல் இருவரும் 538 டாலர் முதலுடன், பாலோ ஆல்டோ நகரில் ஒரு கார் கொட்டகையில் ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தைத் தொடங்கினர். திரைப்படம் எடுக்கும் வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டு அலையியற்றிகளை வாங்கியது. பிற்காலத்தில் அந்நிறுவனம் உலகப்புகழ் பெற்றதை நீங்கள் அறிவீர்கள்.

உளவியல் கூறும் விளக்கம்

அதே ஸ்டான்போர்டில் பின்னாளில் பணியாற்றிய உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா, "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டென்று 1977-இல் விளக்கினார். தானே செய்து வெற்றி பெறுவது முதலாவது. இதுவே மிக வலிமையானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் ஊக்கமூட்டும் சொற்கள் மூன்றாவது. அச்சம், பதற்றம் போன்ற உடல், மன நிலைகள் நான்காவது.

இரண்டாவதில் "தன்னைப் போன்ற" என்பதைக் கவனியுங்கள். எட்டாத உயரத்திலுள்ள கோடீசுவரரைக் கண்டு நாம் வியக்கலாம். ஆனால் "அவர் வேறு, நாம் வேறு" என்று ஒதுங்கியும் விடலாம். பக்கத்துத் தெருவில் பட்டறை நடத்துபவரைப் பார்க்கும்போதுதான் "நாமும் செய்யலாமே" என்ற எண்ணம் பிறக்கிறது. வழிகாட்டியோ சிறு வேலைகளைக் கொடுத்துச் செய்யவைத்து, முதல் ஊற்றையே திறந்துவிடுகிறார்.

தடுப்பதும் ஓர் உதவியே

அப்படியானால் அனுபவசாலிகள் அருகிலிருந்தால் எல்லோரும் தொழில் தொடங்கிவிடுவார்களா? ஜோஷ் லெர்னர், உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். அங்கு மாணவர்கள் தம் விருப்பப்படி பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்லை, பள்ளியே பிரித்துவிடுகிறது. எனவே சக மாணவர்களின் தாக்கத்தைத் தெளிவாக அளக்க முடிந்தது.

முன்பே தொழில் நடத்தியவர்கள் மிகுதியாக இருந்த பிரிவுகளில், படிப்புக்குப் பின் தொழில் தொடங்கியவர்கள் குறைவாகவே இருந்தனர்! ஆயினும் குறைந்தவை பெரும்பாலும் தோல்வியில் முடியும் முயற்சிகளே. ஒரு திட்டத்தின் ஓட்டைகளை அனுபவசாலிகள் முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

வென்றவர்களின் கதைகளே நம் காதுக்கு எட்டுகின்றன. தோற்றவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆகவே உங்கள் ஊரில் தொழில் நடத்தும் ஒருவரைச் சந்தித்தால், "எப்படி வென்றீர்கள்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். முதல் வாடிக்கையாளர் எப்படிக் கிடைத்தார், எதில் பணம் இழந்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்றும் கேளுங்கள். பின்னர் உங்கள் திட்டத்தை அவரிடம் காட்டுங்கள். புகழ்வதோடு நில்லாமல், அதிலுள்ள பிழையையும் எடுத்துச் சொல்பவரே நல்ல வழிகாட்டி.