வங்கிக்கே நஷ்டம், ஆனாலும் ஏலம் ஏன்?

2008-க்குப் பிறகான அமெரிக்க வீட்டுக்கடன் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் இடிக்கும். கடன்காரரால் பழைய தவணையைக் கட்ட முடியவில்லை. கொஞ்சம் குறைத்தால் கட்டுவார். வீட்டைப் பறித்து ஏலம் விட்டாலோ, விலை சரிந்து கிடந்த அந்தச் சந்தையில் கொடுத்த கடன் முழுசாகத் திரும்பாது. இது வங்கிக்காரனுக்குத் தெரியாதா என்ன? அப்புறம் ஏன் லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போயின?

2009-இல் ஒபாமா அரசு 'ஹாம்ப்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்து மாதத் தவணையை மொத்த வருமானத்தில் 31 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அதற்கு வரிசையான படிகள் உண்டு, நம்ம இஃப்-எல்ஸ் மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறிய பாக்கியும் சேர்த்து அசல் 2 லட்சம் டாலர், வட்டி 6.5 சதவீதம், 30 வருஷம். தவணை 1,264 டாலர். வரி, இன்ஷூரன்ஸுக்கு 300. வேலை போய், குடும்ப வருமானம் மாதம் 3,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். 31 சதவீதம் என்றால் 930. அதில் 300 போக, தவணைக்கு மிஞ்சுவது 630 மட்டும். முதல் படி: வட்டியை 2 சதவீதம் வரை குறைக்கலாம். தவணை 739 ஆகிறது, போதவில்லை. அடுத்த படி: காலத்தை 40 வருஷம் வரை நீட்டலாம். சுமார் 38 வருஷத்திலேயே 630 வந்துவிடுகிறது. அதுவும் போதாவிட்டால்தான் அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கடைசிக்குத் தள்ளிவைப்பது. (2 சதவீதம் நிரந்தரமில்லை. 5 வருஷம் கழித்து ஒரு வரம்புவரை படிப்படியாக ஏறும்.)

மாற்றினால் இன்றைய மதிப்பில் எவ்வளவு தேறும், ஏலம் விட்டால் எவ்வளவு என்று ஒப்பிடும் சோதனையும் உண்டு. மாற்றுவதே லாபம் என்று வந்தால், முதலீட்டாளர் ஒப்பந்தம் தடுக்காதவரை, மாற்றித்தான் ஆகவேண்டும். ஃபார்முலா சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு என்று அறிவித்த திட்டம், 2016 இறுதியில் மூடும்போது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

என் கேள்வியிலேயே ஒரு ஓட்டை இருந்தது. 'வங்கி' என்று நான் நினைத்தது ஒரே ஆள் இல்லை. கடன்கள் மூட்டை கட்டப்பட்டு முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தன. தவணை வசூலிப்பது, கடிதம் அனுப்புவது, மாற்றலாமா என்று முடிவெடுப்பது எல்லாம் 'சர்வீஸர்' என்ற இன்னொரு கம்பெனி. ஏலத்தில் வரும் நஷ்டம் முதலீட்டாளருடையது. சர்வீஸருக்கு அதில் பெரிய வலி கிடையாது.

பல ஒப்பந்தங்களில், கடன்காரர் கட்டாத மாதங்களிலும் சர்வீஸர் கைக்காசைப் போட்டு முதலீட்டாளருக்குக் கொடுக்க வேண்டும். வீடு ஏலம் போனால் வரும் பணத்தில் முதல் பங்கு அவருக்கு. தாமதக் கட்டணம், செலவு உட்பட. மாற்றுவதென்றால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஆள் போட்டு, சம்பளச் சீட்டு சரிபார்த்து, மூன்று மாதம் சோதனைத் தவணை பார்க்க வேண்டும். அரசு தந்த ஆரம்ப ஊக்கத்தொகை ஒரு கடனுக்கு 1,000 டாலர். எந்தப் பக்கம் சாய்வார்?

விளைவு, ஒரு மேஜையில் விண்ணப்பப் பரிசீலனை, பக்கத்து மேஜையில் ஏல வேலை. 'சம்மதம் வந்துவிடும்' என்று காத்திருந்தவர் வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ். 2012-இல் 49 மாநிலங்களும் மத்திய அரசும் ஐந்து பெரிய சர்வீஸர்களோடு செய்த உடன்பாடு இதற்குக் கடிவாளம் போட்டது. 2014 ஜனவரியில் நாடு முழுக்க விதியே வந்தது: பொதுவாக 120 நாள் பாக்கிக்கு முன் ஏல நடவடிக்கை தொடங்கக்கூடாது. ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் வந்துவிட்டால், முடிவு சொல்லும்வரை ஏலம் விடக்கூடாது.

அமெரிக்காவில் வீட்டுக்கடன் உள்ள நண்பர்கள் கவனிக்க வேண்டியது 'முழுமையான' என்ற சொல்லை. ஒரு பக்கம் குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். ஏலத்துக்கு 45 நாளாவது இருக்கும்போது விண்ணப்பித்தால், என்ன குறைகிறது என்று 5 வேலை நாளுக்குள் சர்வீஸர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லையென்றால் ஆறாம் நாளே கேளுங்கள், அதுவும் எழுத்தில்.