வலிக்காத கட்டி

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு வருவது அநேகமாக நார்க்கட்டி. விரலால் அழுத்தினால் நழுவி ஓடும். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு நீர்க்கட்டி வரலாம். பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டிச் சீழ் பிடித்தால் காய்ச்சலும் வலியும் சேர்ந்து வரும். அந்த வலியே அவரை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. ‘வலிக்கவில்லையே’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இதனால்தான். கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டி, குழிந்த தோல், உள்ளிழுத்த காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது.

திருத்தணிப் பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். அதற்கு மேல் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூரில் சி.எம்.சி., சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது அடையாறு நிலையம். 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதை விட்டு விலகவில்லை.

கட்டி எதுவென்று மூன்று சோதனைகள் சொல்லும்: மருத்துவர் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசியால் சதைத்துணுக்கு எடுக்கும் பயாப்சி. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது, அதில் உண்மையில்லை. ஆபத்து, பயாப்சி பார்க்காமல் கட்டியை அவசரமாக வெட்டி எடுப்பதில்தான்.

புற்றுக்கான அறுவை முறையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகத்தோடு அடியிலிருந்த தசையும் அக்குள் நெறிகளும் (நிணநீர்க் கணுக்கள்) மொத்தமாக அகற்றப்பட்டன. பல பத்தாண்டுகள் அதுவே வேதவாக்கு. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002இல் வந்தன: கட்டியையும் அதன் சுற்றுப்பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகம் முழுவதையும் எடுத்தாலும், உயிர்வாழும் காலத்தில் வேறுபாடில்லை. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டும் அறுவை செய்யலாம்.

ஆனால் மார்பகத்தைக் காப்பாற்றினால் கதிர்வீச்சு பெரும்பாலும் கட்டாயம். ‘கரன்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் இந்தச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள், வழக்கமாக மூன்று முதல் ஆறு வாரம் வரை. திருத்தணியிலிருந்து ஒரே நாளில் ரயிலில் போய்த் திரும்பும் தூரம்தான் சென்னை. அதையே தினமும் செய்வது தறிக்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு எளிதல்ல. முழுமார்பக நீக்கத்தைக் கேட்டு வாங்கும் பெண் அறியாமையால்தான் அப்படிச் செய்கிறார் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனைக்கு அருகில் தங்க இடம் உண்டா என்று அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அக்குளில் முன்பெல்லாம் நெறிகளை வழித்தெடுப்பார்கள். கை வீங்கிப்போவது அதன் பின்விளைவு. இப்போது நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் சேரும் நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. அறுவைக்குப் பின் நீர் வடிய ஒரு குழாய் சில நாள் இருக்கும். தோள் இறுகாமலிருக்கக் கைப்பயிற்சியை விரைவிலேயே தொடங்கச் சொல்வார்கள்.

கீமோவில் முடி கொட்டும். முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். பெண்களும் முடிகாணிக்கை தரும் திருத்தணியில் மொட்டைத்தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். ஹார்மோன் சார்ந்த புற்று என்றால் குறைந்தது ஐந்தாண்டு மாத்திரை உண்டு. உடம்பு தேறிவிட்டதென்று அதை நடுவில் நிறுத்தக் கூடாது. எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க வேண்டும்.