அறுந்த பெல்ட் அளிக்கும் சான்று

பெங்களூரின் ஈஜிபுராவில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய மேம்பாலப் பணி பல்லாண்டுகள் நீடித்தமையால், வண்டிகள் புழுதியிடையே நெடுநேரம் நின்று ஊர்ந்து செல்ல நேர்ந்தது. பழைய டீசல் ஜீப்பின் விசிறி பெல்ட்டுக்கு இத்தகைய ஓட்டம் கடுஞ்சோதனையாகும். நான்கு சிலிண்டர் எஞ்சினில், கிராங்குத் தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் இருமுறை எரிபொருள் எரிகிறது. ஒவ்வொரு முறையும் தண்டு உந்தப்பட்டுப் பின் தளர்கிறது. வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடுகையில் இத்துடிப்பு மிகுதி. ஆல்டர்னேட்டரின் கனத்த சுழலியோ சீராக ஓட முயல்கிறது. இரண்டிற்குமிடையே அலைக்கழிவது பெல்ட்டேயாகும்.

ஆயினும் சில வாரங்களுக்கொருமுறை பெல்ட் அறுமாயின், துடிப்பை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. அறுந்ததை எறிந்துவிடுவோர் சான்றையே எறிந்துவிடுகின்றனர். அதன் பக்கங்கள் பளபளத்தால் வழுக்கல். ஓரம் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. உப்பி மென்மையாயிருந்தால் எண்ணெய்க் கசிவு. பல டீசல் வண்டிகளில் பிரேக்கின் வெற்றிடப் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே அமைந்துள்ளது. அதன் எண்ணெய்ச் சீலை முதலில் ஐயுறலாம்.

பலர் பாராதது புல்லியின் பள்ளம். வி வடிவப் பெல்ட் பள்ளத்தின் சரிவுகளைப் பற்றியே இழுக்க வேண்டும், அடியைத் தொடலாகாது. புழுதி அச்சரிவுகளை அரம்போல் அராவுகிறது. பள்ளத்தின் அடி மின்னுமாயின், புல்லியை மாற்றாது எத்தனை பெல்ட் மாட்டினும் நிலைக்காது. பெல்ட்டைக் கழற்றிய நிலையில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் கையால் சுழற்றி, பேரிங்கில் கரகரப்பு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும்.

புதியதைத் திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்நார் அப்போதே அறுபடக்கூடும். ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தியே ஏற்றுக. கையேடு வேறு கூறாவிடில், நடுவில் பெருவிரலால் அழுத்தச் சுமார் 10 மில்லிமீட்டர் தாழுமாறு இறுக்கி, ஓரிரு நாள் ஓட்டியபின் மீண்டும் சோதிக்க. புதுப் பெல்ட் சற்று நீளும்.