இறங்கிய தண்ணீரை ஏற்றுவானேன்?

பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: “காடம்பாறையில் மின்சாரம் எடுத்த தண்ணீரை, மின்சாரம் போட்டே திரும்ப மேலே ஏற்றுகிறார்களாமே! நாலு யூனிட் செலவழித்து மூன்று யூனிட் எடுப்பது யார் வீட்டுக் காசு?”

கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் நண்பகல் யூனிட்டும் ராத்திரி ஏழு மணி யூனிட்டும் ஒரே விலை போகாது. பகலில் சூரிய மின்சாரம் குவிகிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும். வீடுகளில் விளக்கும் ஏசியும் போடுவதும் அப்போதுதான். அனல்மின் கொதிகலனோ நினைத்தவுடன் ஏறி இறங்காது. அதனால்தான் மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். வற்றல் போடுவது போலத்தான் இதுவும். சித்திரை வெயிலில் என் அம்மா கூடை கூடையாகக் கத்தரிக்காய் வாங்கி வற்றல் போடுவார். எடை பாதிக்கு மேல் போய்விடும். ஐப்பசி மழையில் காய் கிடைக்காதபோது அதை யாரும் நஷ்டம் என்று சொன்னதில்லை.

ஆனைமலையில் பாறையைக் குடைந்து, நிலத்தடியில் அமைத்த நிலையம் காடம்பாறை. தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள், 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கியவை. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. ஒரே சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால் டர்பைன், மறுபக்கம் சுற்றினால் பம்ப்.

என்னை மயக்குவது இந்த வகைச் சக்கரங்களை பம்பாகக் கிளப்பும் விதம். தண்ணீருக்குள் நிற்கும் சக்கரத்தை அப்படியே சுழற்றினால் இழுவை தாங்காது. எனவே அழுத்தக் காற்றை ஊதி, சக்கரத்தைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கீழே தள்ளுகிறார்கள். சக்கரம் வெறுங்காற்றில் சுழன்று வேகம் பிடிக்கிறது. மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸோடு தாளம் சேர்ந்ததும் மின்சாரத்தில் இணைக்கிறார்கள். பிறகு காற்றை வெளியேற்ற, தண்ணீர் மேலேறிச் சக்கரத்தைக் கவ்வுகிறது, கதவுகள் திறக்கின்றன, முந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு நீர் ஏறத் தொடங்குகிறது.

இவ்வளவு அருமையான ஏற்பாட்டுக்கு அடுத்ததாக, நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டத்தில் கைவைக்கவே நமக்கு ஒரு தலைமுறை பிடித்தது. மாலைத் தேவை ஏறுவதில் நம் பங்கும் உண்டு. உச்ச நேரத்தில் எடுக்கும் மின்சாரத்துக்கு உயரழுத்த ஆலைகள் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகின்றன. வீடுகளுக்கு அந்தக் கணக்கு இல்லாததால், மேல்தொட்டி மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் போடுகிறோம். மதியமே போட்டால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. மலையைக் குடைவதைவிட அது சுலபம், பொள்ளாச்சி அன்பரே.