ஊஞ்சலும் ஒரு குட்டி விமானமும்

ஆவுடையார்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா, பிள்ளைகளே? பாண்டிய மன்னனுக்குப் படைக்குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், அந்தப் பொன்னையெல்லாம் இங்கே கோயில் திருப்பணிக்கே செலவழித்துவிட்டார் என்பது ஊரறிந்த கதை. அவருக்காகக் குதிரைமேல் வந்ததாகச் சொல்லப்படும் சிவபெருமானை இன்றும் கோயிலுக்குள் கல்லில் பார்க்கலாம். அந்தக் காலத்துப் போரில் வேகம் என்றால் குதிரைதான். இப்போது அந்த வேகம் வானத்துக்குப் போய்விட்டது. வடக்கே தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 போர் விமானங்கள் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் அந்தத் தளம் ஆவுடையார்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அவ்வளவு வேகத்தில் விமானியின் உடம்பு என்ன ஆகும்? ஒரே வேகத்தில் நேராகப் போகும்வரை ஒன்றும் ஆகாது. ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து நாம் இட்லி சாப்பிடுவதில்லையா, அதுபோலத்தான். திரும்பும்போதுதான் வினையே.

புளியமரத்துக் கிளையில் கயிற்று ஊஞ்சல் கட்டி வேகமாக ஆடிப் பாருங்கள். மேலிருந்து சரேலென்று இறங்கி அடிமட்டத்தைத் தொடும் நொடியில், யாரோ உங்களைப் பலகையோடு வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். உங்கள் எடை கூடிவிட்டதுபோல் தோன்றும். வளைந்த பாதையில் வேகமாகப் போகும் எதற்கும் இது நடக்கும். இந்த அழுத்தத்தை ‘ஜி’ என்ற அளவால் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம்மேல் 1 ஜி. போர் விமானம் வெடுக்கென்று திரும்பும்போது 7 ஜி கூட வரும். 60 கிலோ விமானி அப்போது 420 கிலோ. தலைக்கவசத்தோடு 6 கிலோ இருக்கும் தலை 42 கிலோ. முக்கால் மூட்டை அரிசியைக் கழுத்தில் தாங்கிக்கொண்டு, பின்னால் எதிரி வருகிறானா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்!

ரத்தமும்தான் கனக்கும். நெஞ்சிலிருந்து மூளை ஒரு சாணுக்குச் சற்று அதிக உயரம். அவ்வளவு தூரம்கூட இதயத்தால் ரத்தத்தை ஏற்ற முடியாமல் போகும். ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும். முதலில் அடி வாங்குவது கண். கண்ணுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருக்கிறது; அதனால்தான் அது உருண்டையாக நிற்கிறது. அந்த அழுத்தத்தை மீறித்தான் ரத்தம் உள்ளே போக வேண்டும். வரும் ரத்தத்தின் வலு குறைந்ததும் நிறங்கள் வெளிறும், ஓரங்கள் இருளும், மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். பிறகு இருட்டு. அதற்கும் பிறகு மயக்கம்.

இதைத் தடுக்க விமானிகள் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விடப் பழகுகிறார்கள். காலையும் வயிற்றையும் சுற்றிக் காற்றுப்பைகள் உள்ள உடையும் உண்டு. ஜி ஏறியதும் பைகள் உப்பி, ரத்தம் கீழே இறங்காமல் நெருக்கிப் பிடிக்கும்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பஞ்சாபின் லூதியானா அருகே இசேவால் கிராமத்தில் பிறந்த நிர்மல்ஜித் சிங் செகோன். பாகிஸ்தானோடு நடந்த 1971 போரில் அவர் விமானப்படை விமானியாக ஸ்ரீநகரில் இருந்தார். அவர் ஓட்டிய விமானம் ‘நாட்’. கண்ணுக்குமுன் பறந்து தொல்லை தரும் சின்னப் பூச்சியின் பெயர் அது. நீளம் ஒன்பது மீட்டருக்கும் குறைவு. போன மாதம் ஆவுடையார்கோவில் பிள்ளைகளோடு கோயில் வாசலில் கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். பக்கத்தில் நின்ற பேருந்து அதைவிட நீளம்.

போர்க்கால விமானியின் நாளில் பெரும்பகுதி காத்திருப்புதான். பறக்கும் உடையிலேயே, விமானத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். சமவெளியில் வளர்ந்தவருக்கு ஸ்ரீநகரின் டிசம்பர் குளிர் வேறு. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். காற்று அங்கே மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு, எஞ்சினுக்கும் வலு குறைவு. மேலெழும்ப ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டும்.

டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்தன. இரண்டு நாட் விமானங்கள் கிளம்பின. முதல் விமானம் எழுப்பிய புழுதி அடங்கியபின் செகோன் ஓடத் தொடங்கினார். ஓடும்போதே ஓடுபாதையில் குண்டுகள் விழுந்தன. எழும்பியதும் முன்னே போனவரின் பார்வையிலிருந்தும் அவர் மறைந்துவிட்டார். தனியாகத்தான் போராடினார். நான் மேலே சொன்ன எடையும் அழுத்தமும் உடம்பை நெருக்க, வளைந்து வளைந்து துரத்தினார். அவர் சுட்டது இரண்டு சேபர்கள்மேல் பட்டது. கடைசியில் அவர் விமானமும் சுடப்பட்டு விழுந்தது.

மலை இடுக்கில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. எவ்வளவு தேடியும் அவர் உடல் கிடைக்கவில்லை. போர்க்கள வீரத்துக்கான நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் இன்றுவரை அவர்தான்.

அன்று கோயில் வாசலில் அளந்து முடித்துக் கயிற்றைச் சுருட்டும்போது ஒரு சிறுமி கேட்டாள்: “அவருக்குப் பயமா இருந்திருக்காதா, ஐயா?”

“இருந்திருக்கும்மா” என்றேன்.

அவள் கயிற்றை என்னிடமிருந்து வாங்கி, திரும்பவும் தரையில் நீட்டிப் போட்டு, அதன் நடுவில் போய் உட்கார்ந்தாள்.